புட்டுப் பார்சலும் அமெரிக்கச் சட்டமும்

அமெரிக்காவின் குடிவரவுச் சட்டத்தில் எங்கள் வீட்டுப் புட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது என்பது எனக்கு நாற்பத்துநான்கு வயதில்தான் தெரியவந்தது. அதுவரை அந்த நாட்டைப் பற்றி நான் நினைத்திருந்ததெல்லாம், அங்கே எதற்கும் ஒரு சட்டம் இருக்கும், சட்டத்துக்கு ஒரு வக்கீல் இருப்பார், வக்கீலுக்கு நல்ல பல் இருக்கும் என்பதுதான். தொலைக்காட்சியில் அப்படித்தான் காட்டினார்கள். என் தம்பியும் அதே தொடர்களைத்தான் பார்த்திருப்பான் போலும்.

அவன் என்னைவிட ஆறு வயது இளையவன். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் சண்டை மறுபடியும் தொடங்கிய வருடம் வெளிக்கிட்டான். நோர்வேக்கு வா என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எண்பதுகளில் எங்களை வடகோடியில் பாட்ஸ்பியோர்ட் தொழிற்சாலையில் மீன் வெட்ட விட்ட நோர்வே, இப்போது கதவை ஒட்டச் சாத்தி வைத்திருந்தது. ஏஜென்சிக்காரன் எந்த நாட்டுக்குப் பாதை வைத்திருந்தானோ அந்த நாட்டுக்குத்தான் போகவேண்டும். இரண்டு கண்டம் சுற்றி, அமெரிக்காவின் தெற்கு எல்லையில் ஒரு அதிகாரியின் முன்னால் போய் நின்று, எனக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று கேட்டான். அவர்களும் கொடுத்தார்கள். ஒரு விமான நிலையத்துக்குப் பக்கத்தில், சன்னல் இல்லாத கட்டடத்தில், மூன்று நேரச் சாப்பாட்டோடு.

அவனுக்காக இலவசமாக வாதாட ஒரு வக்கீல் அம்மா கிடைத்தார். நான் அப்போது லில்லெஸ்ட்ரோமில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. கிழங்கு அவிந்துகொண்டிருந்த நேரத்தில் அவர் தொலைபேசியில் வந்தார். முதல் விசாரணை முடிந்துவிட்டது, உங்கள் தம்பி சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நீதிபதி நம்புகிறார் என்றார். நான் முருகனுக்கு நன்றி சொன்னேன். அதுதான் பிரச்சினை என்றார் வக்கீல் அம்மா.

விசாரணையில் அவனுடைய வாழ்க்கை முழுவதையும் கேட்டிருக்கிறார்கள். அவனும் சொல்லியிருக்கிறான். பதினேழு வயதில் எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு துவக்கோடு வந்த இயக்கம் சாப்பாட்டுப் பார்சல் கேட்டது, எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்குப் பத்து என்று கணக்கு வைத்தது, அதை அவன் சைக்கிளில் கொண்டுபோய்ச் சந்தியில் கொடுத்தது, எல்லாம். அவன் சொல்ல வந்தது, நாங்கள் எப்படி நெருக்கப்பட்டோம் என்பதை. சட்டம் கேட்டுக்கொண்டது, சாப்பாடு கொடுத்தான் என்பதை. ஆயுதம் ஏந்திய எந்தக் குழுவுக்கும் எந்த உதவியும் செய்தவருக்கு அந்த நாட்டில் புகலிடம் இல்லை. அந்த உதவிக்கு ஒரு பெயரும் வைத்திருந்தார்கள்: மெட்டீரியல் சப்போர்ட், பொருளுதவி. புட்டும் கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் அதற்குள் அடங்கும்.

அன்று பின்னேரம் ஹவுகெட்டோவில் வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் ஒஸ்லோவில் சட்டம் படிக்கத் தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதனால் உலகத்தின் எல்லாச் சட்டமும் அவளுக்குத் தெரியும். கணினியில் அந்தச் சட்டத்தைத் தேடி எடுத்து, மேலும் கீழுமாக இரண்டு தரம் படித்தாள். பிறகு கதிரையில் சாய்ந்தாள்.

"அம்மா, இதிலை த்வாங் எண்ட சொல்லே இல்லை."

த்வாங் என்றால் நோர்வேஜிய மொழியில் கட்டாயம், வற்புறுத்தல். நெற்றியில் துப்பாக்கி வைத்து வாங்கினாலும் கொடுத்தது கொடுத்ததுதான். ஒரு பார்சல் கொடுத்தாலும் ஆயிரம் கொடுத்தாலும் கொடுத்தது கொடுத்ததுதான். சட்டத்தை எழுதியவர்கள் மறந்துவிட்டார்களா, வேண்டுமென்றே விட்டார்களா என்று அந்த நாட்டு வக்கீல்களே பிடுங்குப்படுகிறார்களாம். மகள் அந்த ஓட்டையைப் பற்றிக் கதைத்த விதத்தில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. பரீட்சைக்கு வரக்கூடிய கேள்வி என்று நினைத்திருப்பாள். ஓட்டைக்குள் கிடப்பது உன் மாமா என்று சொல்லவேண்டியிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதே பார்சலைச் சொல்லித்தான் நான் நோர்வேயில் விசா எடுத்தவள்.

இருபது வருடத்துக்கு முன்பு ஒரு பொலிஸ் அதிகாரி என்னை விசாரித்தார். எங்களுக்கு முன்னரே வந்து மொழி படித்த ஒரு யாழ்ப்பாணத்தவர் மொழிபெயர்த்தார். நான் சாப்பாட்டுப் பார்சல் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, மாட்பக்க என்றார். இந்த நாட்டில் அதைவிடப் பாவப்பட்ட சொல் கிடையாது. பள்ளிக்கூடப் பிள்ளை முதல் பிரதம மந்திரி வரை எல்லாரும் இரண்டு துண்டு பாணுக்குள் பழுப்புச் சீஸை வைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றிக் கொண்டுபோவதுதான் மாட்பக்க. அந்த அதிகாரியின் மேசையிலும் ஒன்று இருந்தது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு நாளைக்குப் பத்தா என்று கேட்டார். ஓம் என்றேன். பாவம் பிள்ளை என்கிற மாதிரித் தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார். சில மாதத்தில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. ஒரு மொழிபெயர்ப்பாளர் சரியான சொல்லைப் போட்டதால் நான் இங்கே இருக்கிறேன் என்று இப்போதும் நம்புகிறேன்.

தம்பிக்கு அப்படி ஒரு சொல் கிடைக்கவில்லை. அதை நானாவது தேடிக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். அதே நீதிபதி முன் நடக்கவிருந்த இரண்டாம் விசாரணைக்கு முன்னர், வீட்டில் நடந்ததைச் சாட்சியாக ஒரு கடிதத்தில் எழுதி அனுப்பும்படி வக்கீல் அம்மா கேட்டிருந்தார். என்னுடைய ஆங்கிலம் தொலைபேசிக்குப் போதும், நீதிமன்றத்துக்குப் போதாது. எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினிப் பொறியாளர் ஒருவர் இருந்தார். நல்ல பிள்ளை. என்னை அக்கா என்பார். கோயிலில் கண்டால் நான் கதைப்பதில் பாதி விளங்கவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிச் சிரிப்பார். ஆங்கிலம் மட்டும் தண்ணீர்பட்ட பாடு.

நான் சொல்லச் சொல்ல அவர் தட்டச்சு செய்தார். பெடியள் வருவினம், பார்சல் கேப்பினம், அம்மா குடுப்பா என்று தொடங்கினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பார்சல்னா, ஹோட்டல் வச்சிருந்தீங்களாக்கா?"

"இல்லை, வீட்டிலைதான்."

"பசங்களுக்கு ஃப்ரீயாவா?"

ஓம் என்றேன். விளக்கியிருக்கவேண்டும். எங்கள் ஊரில் பெடியள் என்று ஒரு மாதிரிச் சொன்னால் அது பக்கத்து வீட்டுப் பையன்கள் இல்லை, துவக்கு வைத்திருப்பவர்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். ஆனால் இயக்கங்களின் கதையைத் தமிழ்நாட்டுக்காரருக்குச் சொல்லத் தொடங்கினால் அது கோப்பியில் தொடங்கிச் சண்டையில்தான் முடியும். அதோடு, அவர் வேலைக்காக அமெரிக்கா போய்வருபவர். அவருடைய காதில் எதையும் போட்டு மாட்டிவிட எனக்கு விருப்பமில்லை. கதையை அவர் தன் மனதில் இருந்த ஏதோ ஒரு அம்மாவை வைத்து நிரப்பிக்கொண்டார்.

கடிதம் அழகாக வந்தது. எங்கள் பகுதிப் பையன்கள் பசியோடு வருவார்கள், எங்கள் தாயார் அவர்களுக்கு மனமுவந்து உணவளிப்பார் என்று ஒரு வரி. ஆங்கிலத்தில் 'கிளாட்லி' என்று போட்டிருந்தார். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. ஆனால் அதைக் கண்டேன். கண்டு, படித்து, செத்துப்போன அம்மாவைப் பற்றி ஒருவர் ஆங்கிலத்தில் இவ்வளவு மரியாதையாக எழுதியிருக்கிறாரே என்று கண்ணீர் விட்டேன். எங்கள் அம்மா மனமில்லாமல் சோறு போட்டா என்று எந்தப் பிள்ளை எழுதும். கையெழுத்துப் போட்டேன்.

அதோடு விட்டிருந்தால் வக்கீல் அம்மா அந்த வரியை வெட்டியிருப்பார். இருபது வருடம் நோர்வேயில் இருந்த எனக்கு, எந்தக் கடிதமானாலும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு ஒரு கொப்பி அனுப்பினால்தான் நித்திரை வரும். ஒன்றை வக்கீலுக்கும் மற்றதை நேரே நீதிமன்றத்துக்கும் பதிவுத் தபாலில் போட்டேன்.

அரசாங்கத்தின் வக்கீல் அதை நீதிமன்றத்தில் வாசித்தாராம். யார் இந்தப் பையன்கள் என்று கேட்டாராம். தம்பி சொன்னான். உங்கள் தாயார் மகிழ்ச்சியோடுதான் கொடுத்தாரா என்று கேட்டாராம்.  அம்மா ஆருக்குக் குடுத்தாலும் சந்தோசமாத்தான் குடுப்பா என்று சொல்லியிருக்கிறான். அமெரிக்க நீதிமன்றத்தில் அன்று எங்கள் அம்மாவுக்குக் கிடைத்த பாராட்டு அது.

வக்கீல் அம்மா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். கடிதத்தால் ஒன்றும் கெடவில்லை, பயத்தில் கொடுத்தோம் என்று எழுதியிருந்தாலும் இதே முடிவுதான், சட்டம் அந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்றார். நான் செய்த பிழைக்கு அந்தச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை என்பதை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அன்று சமையலறையில் இரண்டு தட்டை உடைத்தேன். ஒன்று தவறி விழுந்தது.

உண்மையைச் சொன்னால், அம்மா பயந்தாவா, மனமுவந்தாவா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இயக்கத்துக்குக் கொடுக்க மறுத்த வீட்டில் என்ன நடந்தது என்று எங்கள் ஒழுங்கைக்குத் தெரியும். பார்சல் கேட்டு வந்தவர்கள் படலையைத் திறந்தால் அம்மாவின் கை நடுங்கும். அதே கை, அவர்களில் ஒருவன் மெலிந்து கிடக்கிறான் என்று பத்தோடு பதினோராவது பார்சலையும் எடுத்து வைக்கும். பயமும் பாவமும் ஒரே வாழையிலைக்குள்தான் கிடந்தன. குடுத்தனாங்கள் என்ற எங்கள் சொல் இரண்டையும் தாங்கும். நோர்வேஜிய மொழியில் அதைத் தாங்க ஒரு பாண்துண்டு கிடைத்தது. ஆங்கிலத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதன் பிறகு தெரியவந்ததுதான் பெரிய வேடிக்கை. நீதிபதி தம்பியை நம்பியபடியால், ஊருக்குத் திருப்பி அனுப்பினால் அவனைச் சித்திரவதை செய்வார்கள் என்பதையும் நம்பினார். ஆகவே அனுப்பமுடியாது. புட்டுக் கொடுத்தபடியால் உள்ளே விடவும் முடியாது. அவன் சட்டத்தின் இரண்டு பக்கங்களுக்கு நடுவில் ஒரு கட்டிலில் படுத்திருந்தான். இதற்கு வழியே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது, அமைச்சர் விரும்பினால் இப்படியானவர்களுக்கு விலக்கு அளிக்கலாம் என்றார் வக்கீல் அம்மா.

எனக்கு உயிர் வந்தது. அதற்கான ஷெமாவை அனுப்புங்கள் என்றேன். ஷெமா என்றால் படிவம். நோர்வேயில் செத்தால்கூட ஒரு ஷெமா நிரப்பாமல் புதைக்கமாட்டார்கள். அவர் படிவம் இல்லை என்றார். இணையத்தில் இருக்குமா என்றேன். எங்கேயும் இல்லை, விலக்கை யாரும் கேட்கமுடியாது, அவர்களாக நினைத்துக் கொடுத்தால் உண்டு என்றார். கேட்கமுடியாத ஒன்றை எப்படிக் கேட்பது என்று நான் கேட்டதற்கு, அவருக்கும் அதே கேள்விதான் என்றார். நல்ல மனுசி. 

போய் அவனைப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். மகள் போகக்கூடாது என்றாள். அவளுக்குப் பயம் பிடித்திருந்தது. பயத்தை மறைக்கத்தான் சட்டம் கதைத்தாள்.

"மாமா கொண்டுபோனவர் மட்டும்தானே. அவிச்சுக் கட்டினது ஆர்?"

ஆர். நான்தான். அம்மா தேங்காய் துருவுவா, நான் மா குழைத்து, நீற்றுப்பெட்டியில் அவித்து, இலையில் போட்டு, பேப்பர் சுற்றி, நூலால் கட்டுவேன். என்னுடைய முடிச்சு அவிழாது என்று ஊரிலேயே பெயர். சட்டப்படி பார்த்தால் நீங்கள்தான் அம்மா முதலாம் ஆள் என்றாள் மகள். அப்படியென்றால் நானும் ஒரு தடவை உள்ளே இருந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கினேன். பெட்டிக்குள் முதலில் வைத்தது பருத்தித்துறை வடை. நன்றாக மொறுகப் பொரித்தால் ஒரு மாதத்துக்கும் கெடாது. தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே அதுதான் உயிர்.

நோர்வேக் கடவுச்சீட்டுக்கு அமெரிக்காவுக்கு விசா தேவையில்லை. விமானத்தில் ஒரு பச்சை நிறத் துண்டு தருவார்கள், அவ்வளவுதான். அதில் சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம். ஒரே கேள்விக்குள் ஒற்றுவேலை, நாசவேலை, பயங்கரவாதம், இன அழிப்பு எல்லாவற்றையும் போட்டு, நான் பிறப்பதற்கு முன்னால் ஐரோப்பாவில் நடந்த யுத்தக் கொடுமைகளில் ஈடுபட்டேனா என்றும் சேர்த்துக் கேட்டிருந்தார்கள். புட்டைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை. எனக்குப் பக்கத்தில் இருந்த நோர்வேக் கிழவர் படிக்காமலே எல்லாவற்றுக்கும் இல்லை போட்டார். நான் இரண்டு தரம் படித்துவிட்டு இல்லை போட்டேன்.  இறங்கியபோது அதிகாரி கடவுச்சீட்டின் சிவப்பு அட்டையைப் பார்த்து, விடுமுறைக்கா என்று கேட்டு முத்திரை குத்தினார். அவித்துக் கட்டியவள் ஒரு நிமிடத்தில் உள்ளே போய்விட்டாள்.

தம்பி இருந்த கட்டடத்தின் வாசலில் ஒரு காவலர், உள்ளே ஒரு பெண் அதிகாரி. தடுத்துவைக்கப்பட்டவருக்குக் கொடுக்க ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டார். வடை என்றேன். அவர் ஒரு பலகையைக் காட்டினார். எவரும் தடுத்துவைக்கப்பட்டவருக்கு உணவு கொடுக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. கொடுத்தால் என்ன என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, பையைச் சின்ன அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் இருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு காண்கிறேன். இரண்டு பேரும் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதோம். பிறகு அவன்தான் தொடங்கினான்.

"என்ன கொண்டந்தனீங்கள்?"

"வடை."

"எங்கை?"

"வெளியிலை. பூட்டி வச்சிருக்கினம்."

"அதையுமோ?" என்று சிரித்தான்.

கடிதத்தைப் பற்றி மன்னிப்புக் கேட்கத்தான் நான் அவ்வளவு தூரம் போனேன். தொடங்கினதும் அவன் கையைக் காட்டி நிறுத்தினான். முதல் விசாரணையிலேயே தன்னிடம் இன்னொரு கேள்வி கேட்டார்கள் என்றான். நான் ஒஸ்லோவில் இருக்கிறேன், என்றைக்காவது தன்னைப் பார்க்க வருவேன் என்று யோசித்துத்தான் அதற்குப் பதில் சொன்னானாம்.

"கட்டினது ஆர் எண்டு கேட்டவை. அவிச்சதும் நான், கட்டினதும் நான் எண்டு சொன்னனான்."

"உனக்குப் புட்டு அவிக்கவே தெரியாதே."

"அது நீதிபதிக்குத் தெரியாதுதானே, அக்கா."

அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அந்த நீதிபதி நம்பியிருந்தார். தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பும்வரை நான் வேறொன்றும் கதைக்கவில்லை. கதைத்தால் அந்த அறையில் யாருக்காவது தமிழ் தெரிந்துவிடும் என்று பயமாக இருந்தது.

அதன் பிறகும் அவன் பதினொரு மாதம் உள்ளே இருந்தான். பிறகு ஒரு நாள், ஒருவரும் கேட்காத அந்த விலக்கு, ஒருவரும் நிரப்பாத படிவத்துக்குப் பதிலாக வந்தது. காரணம் எழுதியிருக்கவில்லை. இப்போது அவன் அங்கேயே ஒரு பெரிய கடையில் பெட்டி ஏற்றுகிறான். நன்றாகத்தான் இருக்கிறான்.

அன்று அவனைப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு நான் வெளியே வந்தபோது வாசல் காவலர் என்னை நிறுத்தினார். இடுப்பில் துப்பாக்கி. பைக்குள் என்ன என்று கேட்டார். திறந்து காட்டினேன். சூடு ஆறி ஐந்து நாள் ஆகியும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் மணத்தன. அவர் குனிந்து முகர்ந்து பார்த்து, நன்றாக இருக்கிறதே என்றார். நான் உடனே இரண்டை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிச் சாப்பிட்டார். இன்னும் இரண்டை ஒரு பேப்பரில் சுற்றிக் கையில் வைத்தேன். அவர் நன்றி சொல்லிக் கதவைத் திறந்துவிட்டார்.

பயத்தில் கொடுத்தாயா, மனமுவந்து கொடுத்தாயா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திராது.